மயிலாத்தாள் ரத்தத்து ஒறம்பரை

சங்ககிரி ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கிற வெள்ளைக்கரடு என்னும் ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் உட்கார்ந்து தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த மயிலாத்தாளின் கட்டைவிரலில் கோணி ஊசி ஏறி, ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழ, அந்தச் சொட்டிலிருந்து இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களுமாக நாலு பேர் எழுந்து, வேட்டி சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நாலு பேருக்கும் மயிலாத்தாளின் மூக்குதான். அவள் எழுந்துபோய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நீங்கள் யாரென்று கேட்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

"நாங்க எங்கியோ இருந்து வர்ல அம்மிணி. உன்ற ரத்தத்துக்குள்ளாற இருந்துதான் வர்றோம்" என்றார் மூத்தவர், மீசையைத் துடைத்துக்கொண்டு. "உனக்குக் காவல் நாங்க. அவன் வர்றப்பத் தடுக்கறது, வந்துட்டா மல்லுக்கட்டறது, இதான் பொழப்பு."

அவன் யாரென்று மயிலாத்தாள் கேட்கவில்லை. வடக்கே லாரி ஓட்டிய புருசன் அர்த்தநாரி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம், சேலத்து டாக்டரம்மா அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறது என்றும், மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டால் பேரன் பேத்தி எடுக்கும் வயசுவரை இருப்பாய் என்றும் சொல்லியிருந்தார். பின்பாதியை அவள் நம்பினாள், முன்பாதியை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். ஏனென்றால் அதே தெருவில் ஒரு டிரைவர் வீட்டுக்கு இந்தச் சீக்கு என்று தெரிந்ததும் அந்த வீட்டுச் சொம்பை யாரும் தொடாமல், பெண் கேட்கப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி, கடைசியில் அந்தக் குடும்பம் சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கோ போனது. பூட்டிக் கிடந்த அந்த வீட்டைத் தாண்டித்தான் மயிலாத்தாள் தினமும் பட்டறைக்குத் தார்ப்பாய் கொண்டுபோவாள். மாத்திரை கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. மாசா மாசம் நூல் வாங்கச் சேலம் போவதாக ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

நால்வரும் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தங்கள் குறையைச் சொன்னார்கள். வருகிறவன் நன்றாகப் போர்த்துக்கொண்டு வருவான், சரக்கை இறக்கும் இடம் வரைக்கும் போர்வையை எடுக்கமாட்டான். அதை வாசலிலேயே பிடித்து, நேரத்துக்கு முன்னால் உருவிவிட்டால் உள்ளே இருக்கிற சரக்கு கெட்டுப்போகும். அது மூத்தவரின் வேலை.

"ஆனா இவன்ற போர்வை என்ற கைக்கு வழுக்குது. குரங்கு வம்சத்துல நம்ம பங்காளி ஒருத்தன் இருக்கறான், ஒரே இழுப்புல உருவிப்போடுவான். எனக்கு அந்தக் கை வாய்க்கல" என்றார் அவர் வருத்தத்தோடு.

இளையவரின் வேலை, வந்தவன் தன்னைத்தானே நகலெடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நகலைக் கெடுப்பது. அதைத் தடுக்க அவன் ஒரு கையாளைக் கூட்டிவருவான். "குப்பைன்னு ஒரு சீட்டை என்ற முதுகுல ஒட்டி, நம்ம ஊட்டுக் குப்பை வண்டியிலயே என்னை ஏத்தி உட்டுருவான், அம்மிணி. நம்ம வண்டி, நம்ம ஆளு. கேக்க நாதியில்ல." பெண்களில் குண்டாக இருந்தவள், நகலெடுக்க வேண்டிய சாமான்களை அவன் கைக்குக் கிடைக்காமல் முன்னாலேயே தின்று தீர்ப்பவள். ஒல்லியாக உயரமாக இருந்தவள், அவன் நகல்களாகப் பெருகி வெளியேறப் பார்க்கிறவர்களை வாசலில் ஒரு கையால் நிலைக்காலையும் மறு கையால் அவர்கள் மணிக்கட்டையும் பிடித்து நிறுத்துகிறவள். அவள் விரல்களைப் பிரித்துவிடவும் அவனிடம் ஆள் இருந்தது.

எப்படியோ ஒருநாள் அவன் உள்ளே புகுந்து, வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொண்டுவிட்டான், இனி காலி பண்ண முடியாது என்றார்கள். ஆனால் மாத்திரை வந்த பிறகு அவன் மூலையில் சுருண்டு தூங்குகிறான், தோற்றுத் தோற்றுச் சலித்துப்போன நாங்கள் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வந்தோம் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாவாயி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். மயிலாத்தாளும் பாவாயியும் ஒரே வருஷத்தில் அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், ஒருத்தி அடுப்பில் கொதிக்கிற குழம்புக்கு மற்றவள் உப்புப் பார்ப்பாள்.

"ஏம்புள்ள, ஒறம்பரையா? சொல்லவே இல்ல" என்றாள் பாவாயி. ஒறம்பரை என்றால் அங்கே விருந்தாளியாக வந்த சொந்தக்காரர்கள்.

மயிலாத்தாளுக்கு அந்தப் பூட்டிய வீடு ஞாபகம் வந்தது. "இல்லக்கா, யாரோ வழிப்போக்கருங்க. தண்ணி கேட்டாங்க" என்றாள். நாலு பேரும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தார்கள்.

வழிப்போக்கர் என்றதும் வெள்ளைக்கரட்டில் அவர்களைக் கூட்டிப்போகப் போட்டி வந்துவிட்டது, ஏனென்றால் சொந்தமுள்ள ஒறம்பரைக்குச் சொந்தக்காரன் சோறு போடுவான், சொந்தமில்லாத ஒறம்பரைக்கு ஊரே போடவேண்டும், அதில் யார் முந்துகிறார் என்பது மானப் பிரச்சினை. மூத்தவரைப் பட்டறைக்காரர்கள் கூட்டிப்போனார்கள். அவர் கண்ணில் போர்த்தியது எதுவும் பட்டால் உருவாமல் இருக்கமாட்டார் என்பது பஜ்ஜி சுற்றிவந்த தாளை அவர் உருவியபோது தெரிந்தது, பிறகு ஆற்று மணலைத் திருடி வைக்கோல் என்று தார்ப்பாய் போட்டு ஓட்டிவந்த லாரியை நடு ரோட்டில் உரித்துவிட்டபோது ஊர் கைதட்டியது, கல்யாண வீட்டில் வந்த அன்பளிப்பையெல்லாம் மேடையிலேயே பிரித்துக் காட்டிவிட்டதால் அந்த வருஷம் யாரும் யாருக்கும் சுவர்க் கடிகாரம் கொடுக்கவில்லை. அவருக்குத் தார்ப்பாய் மாமா என்று பெயர் வைத்தார்கள்.

இளையவருக்கு ஜெராக்ஸ் கடை நாச்சிமுத்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் நாச்சிமுத்துதான் அழுதார். அசலுக்கு ஒன்றும் ஆகாது, நகல் மட்டும் கோணல்மாணலாக வரும், பக்கத்தில் இந்த மனுஷன் வெற்றிலை மென்றுகொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பார். ஆனால் அடுத்த ஊர்ப் பட்டறைக்காரன் வெள்ளைக்கரட்டுப் பாடியின் வரைபடத்தைத் திருடி, திமிராக அதே கடையில் நகலெடுத்துப் போய்க் கட்டிய லாரிக்குக் கதவு கூரையில் இருந்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து, கிறுக்கல் சித்தப்பா என்று பெயரெடுத்த அவருக்கு ஊர்ச் செலவில் வெற்றிலை வந்தது.

குண்டுச் சித்தி சமைத்ததைத் தொடமாட்டாள். அரிசி, பருப்பு, புளி என்று சமைக்காமல் கிடப்பதைத்தான் தின்பாள். ஊர்ப் பெண்கள் முதலில் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு அவரவர் தேவைக்கு மட்டும் வாங்கப் பழகினார்கள், வீட்டில் சிந்தியது சிதறியது எதுவும் கிடைக்காமல் எலிகள் மூட்டை கட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் வரிசையாக ஊரைக் கடந்து போயின. கைப்பிடி அத்தையை மாமியார்மார்கள் முன்கூட்டியே சொல்லிவைத்துக் கூட்டிப்போனார்கள். மருமகள் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினால் அத்தை வாசலில் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள், ஒன்றும் பேசமாட்டாள், விடவும் மாட்டாள், நிற்கிற நேரத்தில் கோபம் ஆறிக் காப்பி வந்துவிடும். டவுன் பஸ் கண்டக்டர்கூட வெள்ளைக்கரட்டில் ஏறுகிறவர்களின் கையை அத்தை விடும்வரை கொஞ்சம் பொறுக்கக் கற்றுக்கொண்டார்.

உள்ளே தோற்றவர்கள் வெளியே இப்படி ஜெயித்துக்கொண்டிருக்க, மயிலாத்தாள் இளைத்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயைத் தூக்கினால் மூச்சு வாங்கியது, சோறு இறங்கவில்லை. தெருவில் கைப்பிடி அத்தையை எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள், அத்தையும் அவள் கையை மட்டும் பிடிக்கவில்லை.

சேலத்து டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரை தன் வேலையை ஒழுங்காச் செய்யுது. அவன் தூங்கறான். ஆனா வீட்டுல நம்ம ஆள் யாரையும் காணோமே. எங்க போயிட்டாங்க?"

"ஊருக்குள்ள இருக்கறாங்கம்மா. எல்லாரும் நல்லாச் சோறு போடறாங்க."

"வெளியே போட்டா அவங்களுக்குத் தெம்பு, உனக்கு என்ன? மாத்திரை வேலி மாதிரி, வேலி இருக்குன்னு வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போக முடியுமா? போன மாசம் மேட்டூர்க்காரர் ஒருத்தருக்கு இதே கதை, அவர் ஆளுங்க அணையில மீன் பிடிக்கப் போயிட்டாங்க. கூப்பிட்டு உள்ளே விடு. மாத்திரையை மட்டும் விட்டுடாதே."

திரும்பி வரும்போது ஊரெல்லாம் மைக் கட்டியிருந்தார்கள். மாரியம்மன் நோம்பி சாட்டித் திருவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று, அதோடு இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது: தர்மகர்த்தா பொன்னுச்சாமி தலைமையில் ஊர் கூடி, நாலு பேருக்கும் தனி மாவிளக்கு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. வெள்ளைக்கரட்டில் வீட்டுக்கு ஒரு மாவிளக்கு. யார் எந்த விளக்கில் நெய் ஊற்றுகிறாரோ அவர் அந்த வீட்டு ஆள். தனி விளக்கு எடுத்தால் தனிக் குடித்தனம், அம்மன் பார்த்து வைத்த கணக்கு, பிறகு எந்த வீட்டுக்கும் திரும்பிப் போக முடியாது. மருமகள்கள் மாமியாரிடமிருந்து பிரிந்ததும் பங்காளிகள் பாகம் பிரித்ததும் அப்படித்தான். ஊர் அன்பில்தான் செய்தது. பூட்டிக் கிடந்த டிரைவர் வீட்டை வெள்ளையடித்து அவர்களுக்குக் கொடுப்பதாகவும் பேச்சு.

மயிலாத்தாள் அன்றைக்கே ஜெராக்ஸ் கடைக்குப் பின்பக்கம் நால்வரையும் கூட்டி வைத்துக் கேட்டாள். "வந்துருங்க. ஊசியோட வந்துருக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம், இப்படியே உள்ளாற போயிருங்க."

தார்ப்பாய் மாமா தலையாட்டவில்லை. "வர்றதுக்கு எங்களுக்கு ஆசைதான். ஆனா ஒறம்பரை வந்தா வாசல் வழியா வரோணும், போனா வாசல் வழியாப் போகோணும். கொல்லப்பக்கமாப் போறவன் திருடன். நீ எங்களை வழிப்போக்கன்னு சொன்ன, நாங்க வழியிலயே இருக்கறோம். எங்க ஊட்டு ஆளுன்னு ஊரறியச் சொல்லு, அந்த நிமிசம் வந்தர்றோம்."

"சொன்னா, எதுக்குக் காவல்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க" என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்து மயிலாத்தாள் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் பாவாயி போய்விடுவாள். சொல்லாவிட்டால் உயிர் போய்விடும். உயிரைவிடப் பாவாயி பெரிதா என்று தன்னையே கேட்டுக்கொண்டால் பெரிதில்லை என்றுதான் பதில் வரவேண்டும், ஆனால் அந்தப் பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவு பயம் அவளுக்கு. பிறகு எழுந்து பச்சரிசியை ஊறவைத்தாள்.

மாவிளக்கு அன்று பொழுதிறங்குகிற நேரம், ஊர்ப் பெண்கள் எல்லாரும் தலையில் தட்டோடு கோயில் முன்னால் வரிசையாக நின்றார்கள். பம்பை மேளம் முழங்கியது. தர்மகர்த்தா ஒரு பெரிய வெண்கலத் தட்டில் புது மாவிளக்கை வைத்து நாலு பேரையும் முன்னால் கூப்பிட்டார். கிறுக்கல் சித்தப்பா நெய்க் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊற்றாமல், கூட்டத்தில் யாரையோ தேடினார்.

மயிலாத்தாள் தன் தட்டோடு வரிசையை விட்டு வெளியே வந்தாள். தட்டில் விளக்கு ஆடியது.

"தனி விளக்கு வேண்டாமுங்க" என்றாள். "அவங்க என்ற ஊட்டு ஆளுங்க."

"என்ன சொல்ற, அம்மிணி? நீதானே வழிப்போக்கருன்னு சொன்ன?" என்றார் தர்மகர்த்தா.

"பொய் சொன்னனுங்க. என்ற ரத்தத்துல இருந்து வந்தவங்க, எனக்குக் காவல் இருக்கறவங்க. எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. ஏழு வருசமா மாத்திரை எடுக்கறேன். இவங்க வெளிய இருந்தா எனக்கு ஆகாதுங்க. என்ற விளக்குல நெய் ஊத்தட்டும்."

பம்பை நின்றது. அடிக்கிறவர் நிறுத்த நினைக்கவில்லை, கை தானாக நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் தன் தலையிலிருந்த தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் மாற்றிக்கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். நாலு பேரும் கூட்டத்தைப் பார்க்கவில்லை, வரிசையாக வந்து மயிலாத்தாள் விளக்கில் ஒரு கரண்டி ஒரு கரண்டியாக நெய் ஊற்றினார்கள். அவள் தட்டைக் கீழே வைத்து, முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் கட்டைவிரலில் குத்தினாள். டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல் அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயத்துக்குள் ஏறினார்கள், மாமா முதலில், தோளில் கிடந்த துண்டைப் பழக்கத்தில் தானே உருவிக்கொண்டு, பிறகு வெற்றிலையோடு சித்தப்பா, பிறகு கோயில் பச்சரிசி ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு சித்தி.

கைப்பிடி அத்தை மட்டும் பாவாயியிடம் போய், அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்து, அந்தக் கையை மயிலாத்தாளின் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். காயம் மூடிக்கொண்டது. பாவாயி தன் கையைப் பார்த்தாள், மயிலாத்தாள் முகத்தைப் பார்த்தாள், கையை உருவிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் கறிச்சோறு. நோம்பிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒறம்பரைக்கு ஆக்கவேண்டும், மயிலாத்தாளும் ஆக்கினாள், ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும் ஒரு பெரிய குண்டாவில் சோறும். ஆக்கி இறக்கி, வாழை இலைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே வேலை நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது, உடம்பு முழுக்க ஒரு குறுகுறுப்பு, பல நாளைக்குப் பிறகு பசித்தது. ஆனால் நோம்பி அன்று தனியாக உண்பது பாவம். தெருவில் போனவர்கள் குனிந்துகொண்டு போனார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள், உடனே அழுகை வந்தது.

அப்போது பாவாயி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை.

"ஏழு வருசம்" என்றாள். "நூல் வாங்கப் போறேன், நூல் வாங்கப் போறேன்னு தனியாப் போய் வந்திருக்கறியே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்திருக்க மாட்டனா? எனக்கும் சேலத்துல வளையல் வாங்கோணும்."

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கும் ராத்திரி பூரா பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் ரோசனை பண்ணினேன். ஏழு வருசமா உன்ற குழம்புக்கு உப்புப் பாத்தவ நான். இனி என்னத்தப் பயந்து? எலையப் போடு."

அவள் உட்கார்ந்ததைத் தெரு பார்த்தது. ஜெராக்ஸ் கடை நாச்சிமுத்து, நகலெல்லாம் இப்போது ஒழுங்காக வருகிறது, கடையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று குறைசொல்லிக்கொண்டே வந்தார். பட்டறைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மருமகள்களில் சிலர் மாமியாருக்குத் தெரியாமல் வந்து, உள்ளே மாமியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். தர்மகர்த்தா பொன்னுச்சாமி வாசலில் நின்று, தண்ணீர் மட்டும் போதும் என்றார், சொம்பை வாங்கி அதை ரொம்ப நேரம் பார்த்தார், ஒரே மூச்சில் குடித்தார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து குழம்பு இரண்டு தரம் கேட்டார். வராதவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். தட்டை மாற்றிக்கொடுத்தவள் வரவில்லை, தெருக்கோடியில் நாலு வீட்டுக்காரர்கள் வரவில்லை, அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் ஆகும்.

உண்டு முடித்தார்கள். கை கழுவினார்கள், வெற்றிலை போட்டார்கள். இனி எழுந்திருப்பார்கள் என்று மயிலாத்தாள் காத்திருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. நாச்சிமுத்து சுவரில் சாய்ந்தார், பாவாயி சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள், தர்மகர்த்தா அடுத்த வருஷ நோம்பிக்கு என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தார். மயிலாத்தாள் நிலைக்காலைப் பார்த்தாள். அங்கே அத்தை இல்லை. யார் கையையும் யாரும் பிடித்திருக்கவில்லை.

அவள் உள்ளே போய் இன்னொரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.